ஏழாம் நம்பர் கடா

கடாயை மாத்துனது நாந்தானுங்க. வேற ஆரும் இல்ல. இதைச் சொல்றதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு, அதனால மொதல்லயே சொல்லிப்போடறேன். பாதிக்கதை வரைக்கும் நீங்க என்னைய நல்லவன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம் பாருங்க.

என்ற பேரு சாமுவேல். தாராபுரத்துக்குத் தெக்கால கல்லாங்கரடுன்னு ஒரு மேய்ச்சக்காடு இருக்குது. முந்நூத்தி எம்பது ஏக்கரா, சர்க்கார் பூமி. அதுல இருக்கற வெளிமானுக்கு நான் வாட்சரா இருந்தேன். தினக்கூலிதான். ஒரு காலத்துல இந்த மானுங்க அமராவதி ஆத்தங்கரை வரைக்கும் மேஞ்சுட்டுத் திரும்புமாம். இப்ப மேக்கால வாய்க்கா வெட்டிட்டாங்க, கெழக்கால ரோடும் மில்லும், தெக்கால கரண்டு எடுக்கற காத்தாடிக்காரங்க வேலி. வடக்கால ஆறுச்சாமி தோட்டம். மானு எங்க போகும்? உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. தொண்ணூத்தி நாலுல எண்ணிப் பார்த்தா இருவத்தி மூணு.

அந்த வருசந்தான் குட்டிங்க சாகறதை நான் கணக்கா கவனிச்சேன். நாய் கடிச்சுச் சாகலைங்க. பொறக்கறப்பவே கீழ்த்தாடை குட்டையா இருந்துச்சு. மடியில வாய் வெக்கும், காம்பைப் புடிக்க முடியாது. தாய் நக்கிக் குடுத்துட்டே நிக்கும், மூணாம் நாளு குட்டி எந்திரிக்காது. அதைப் பார்த்துட்டு ஊட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது.

அப்பத்தான் கீதா வந்துச்சு. கோயமுத்தூர்ல காலேஜுல ஆராய்ச்சி பண்ற புள்ளை. இருவத்தெட்டு வயசு இருக்கும், டிவிஎஸ் வண்டியில புழுதியோட வந்து எறங்கும். செத்த குட்டியோட ரத்தம், முள்ளுல மாட்டுன மசுரு, எல்லாத்தையும் சின்னச் சின்ன டப்பாவுல போட்டு ஐதராபாத்துல இருக்கற லேபுக்கு அனுப்புச்சு. அஞ்சு மாசம் கழிச்சு வந்து என்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொல்லுச்சு.

“அண்ணா, எண்ணுனா இருவத்தி மூணு உசுரு இருக்குதுங்க. ஆனா ரத்தத்தை வெச்சுப் பார்த்தா நாலஞ்சு உசுருக்குண்டான வித்தியாசந்தான் இருக்குது. அண்ணன் தங்கச்சி, அப்பன் மகன்னு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளிய இருந்து ஒரு கடா வரலைன்னா பத்துப் பதினஞ்சு வருசத்துல காலிங்க.”

எனக்குக் கோவம் வந்துருச்சு. “இதைக் கண்டுபுடிக்க ஐதராபாத்து போகோணுமா அம்மணி? எந்தக் கிறுக்கனாவது ஒரே பொலிகாளையை அதுக்குப் பொறந்த கெடேரிக்கன்னுக்கே உடுவானா? என்னையக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே.”

அது கோவிச்சுக்கல. “உங்களுக்குத் தெரியுதுங்கண்ணா. ரேஞ்சருக்குத் தெரிய வெக்கத்தான் ஐதராபாத்து”ன்னுச்சு. அதுக்கப்பறம் எனக்கு அந்தப் புள்ளையை ரொம்பப் புடிச்சுப்போச்சு.

கோயமுத்தூருக்குப் பக்கத்துல ஒரு மான் பூங்கா இருக்குது. வழிதப்புன குட்டி, தாய் செத்த குட்டின்னு நாலாபக்கமும் இருந்து அங்கதான் கொண்டுபோய் உடுவாங்க. அங்க இருந்த பதினோரு கடாய்க்கும் கீதா ரத்தம் எடுத்துச்சு. எடுத்ததுல ஏழாம் நம்பரு ஒண்ணுதான் நம்ம கூட்டத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாதது. கெழக்குக் கடலோரத்துல இருந்து வந்ததாம். ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, ஒரு வருசம் அலைஞ்சு, ஆர்டர் வாங்கிப்போடுச்சு. பூங்காவுல இருக்கற ஏழாம் நம்பர் கடாயைக் கல்லாங்கரட்டுல உடலாம், ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் ஆர்டரு.

ரேஞ்சர் என்னையத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. “சாமுவேல், இது வெளங்கலைன்னா இருக்கற மானையெல்லாம் புடிச்சுப் பூங்காவுல போட்டுட்டு நெலத்தைக் காத்தாடிக்காரங்களுக்குக் குடுத்துருவாங்க. வெளங்குச்சுன்னா உன்ற பேரை நிரந்தரம் பண்ற லிஸ்ட்டுல சேர்த்தியிருக்கேன்.” பதினோரு வருசம் கூலிக்கு நின்னவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தொண்ணூத்தாறு பிப்ரவரியில வேன் எடுத்துட்டுப் போனோம். நானும் டிரைவர் மாரப்பனும். கீதாவுக்குக் காய்ச்சல், வர முடியல. பூங்காவுல டாக்டர் காலையிலயே ரெண்டு கடாயைப் புடிச்சு ஆளுக்கொரு பட்டியில அடைச்சு வெச்சிருந்தாரு. ஏழாம் நம்பரு நமக்கு. நாலாம் நம்பருக்குக் கால்ல புண்ணு, மருந்து போடறதுக்கு. கழுத்துப்பட்டையில நம்பர் எழுதித் தொங்க உட்டிருந்தாங்க. சாப்புட்டு வந்து ஏத்தித் தாரேன்னு சொல்லிட்டு எல்லாரும் போயிட்டாங்க.

நான் ஏழாம் நம்பரைப் பார்க்கப் போனேன். கண்ணைக் கட்டி, காலைக் கட்டிப் படுக்க வெச்சிருந்தாங்க. மெலிஞ்ச உடம்பு, ஒரு கொம்பு நுனி ஒடஞ்சிருந்துச்சு. அது கூடப் பரவாயில்ல. முதுகுல, தோளுக்குப் பொறவால, தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கமும் மசுரு நீளமாச் சுழிச்சு எறங்கியிருந்துச்சு. பாடைச்சுழி. பொணந்தூக்கற பாடைக்கம்பாட்டம் இருக்கும்; வெச்சிருக்கறவன் ஊட்டுல சாவு உழுகும்பாங்க.

நான் வாட்சர் ஆகறதுக்கு முந்தி கண்ணபுரம் சந்தையில மாட்டுப் புரோக்கர்கிட்ட எட்டு வருசம் இருந்தவனுங்க. மாடுன்னா மொதல்ல சுழி, அப்பறந்தான் பல்லு. சுழி சரியில்லைன்னா சும்மா குடுத்தாலும் கவுத்தைப் புடிக்க மாட்டாங்க. அப்படி ஆரும் புடிக்காத ஒரு பாடைச்சுழி எருதை, வெலை கம்மியாக் கெடைக்குதேன்னு என்ற அண்ணனுக்கு நாந்தான் வாங்கிக் குடுத்தேன். நாப்பதாம் நாளு அண்ணன் கெணத்துல உழுந்து செத்துப்போனான். ஞாயித்துக்கெழமை சர்ச்சுல மண்டி போடறவன் சுழியை நம்பலாமான்னு பாஸ்டர் என்னையப் பல தடவை திட்டியிருக்காரு. நம்பக் கூடாதுதான். ஆனா அண்ணனைத் தூக்குனது நானு, பாஸ்டர் இல்ல.

இன்னொண்ணும் இருக்குது. ஆறுச்சாமி எங்க மேய்ச்சக்காட்டுக்கு ஓரத்துல அறுவது ஏக்கரா வெச்சிருக்கறவரு. மானு அவரு சோளத்துல வாய் வெச்சாலும் பொறுத்துக்குவாரு, நாய் உட மாட்டாரு. ஆனா மாடு கன்னு வளர்த்தே பெரியாளானவரு, புதுக்கடா எறங்கறப்ப வந்து பார்க்காம இருப்பாரா? பாடையைச் சுமந்துட்டு ஒண்ணு எறங்கறதைப் பார்த்தா அன்னிக்கே நாயை அவுத்து உட்டுருவாரு. ஏற்கெனவே செத்துட்டு இருக்கற கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோயி உடச் சொல்றாங்களே!

அடுத்த பட்டியில நாலாம் நம்பரு நின்னுட்டு இருந்துச்சு. கட்டு ஏதும் இல்ல. கரேல்னு மினுமினுப்பு, கொம்பு நாலு முறுக்கு, முதுகு வழிச்சு உட்டாப்பல சுத்தம். கால் புண்ணும் ஆறிப்போயிருந்துச்சு. நான் கிட்டப் போனா மெரளாம மூக்கை நீட்டி என்ற கையை நக்குச்சு. இத்தனை நல்ல கொணத்தை உட்டுப்போட்டு அந்தப் பாடையை எதுக்கு எடுக்கோணும்? ரெண்டும் கடாதானே? ரத்தத்துல பெருசா என்ன வித்தியாசம் இருந்துரப் போகுது? அப்படித்தான் நெனச்சேன், பொய் சொல்லக் கூடாது.

பட்டையையும், ஏழாம் நம்பரோட கண்கட்டு கால்கட்டையும் அவுத்து மாத்திக் கட்டிப்போட்டேன். மாரப்பன் பார்த்தான். “எதுக்குண்ணா இந்த வம்பு?”ன்னான். “பாடைச்சுழிடா”ன்னேன். அவனும் காங்கயத்துக்காரன், அதுக்கு மேல ஒண்ணும் கேக்காம அக்கட்டால போயி பீடி பத்த வெச்சுட்டான். டாக்டர் திரும்பி வரல; ஏத்த வந்த ஆளுங்க பட்டை நம்பரைத்தான் பார்த்தாங்க.

கல்லாங்கரட்டுல எறக்குனப்ப ஆறுச்சாமி நான் நெனச்சாப்பலயே வந்து நின்னாரு. சுத்திச் சுத்திப் பார்த்தாரு. “கொம்பைப் பாரு, நடையைப் பாரு. நல்ல கடாய்தான் புடிச்சுட்டு வந்திருக்கறே சாமுவேலு. நம்ம தோட்டத்துப் பக்கம் வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போ”ன்னாரு. ஒரே மாசத்துல அந்தக் கடா பழைய கடாயை அடிச்சு வெரட்டிட்டு நடுக்காட்டைப் புடிச்சுக்குச்சு. பெட்டைங்களெல்லாம் அது பின்னால போச்சுங்க. எனக்கு அப்ப இருந்த பெருமைக்கு அளவே இல்லை. கீதா என்ற கையைப் புடிச்சுட்டு அழுதுச்சு. அப்பவும் நான் சொல்லல.

மொத வருசம் ஏழு குட்டி போட்டுதுங்க, அதுல நாலு தாடை குட்டை. பழைய கடாயோட குட்டியா இருக்கும், பொறுத்துப் பார்க்கலாம்னு கீதா சொல்லுச்சு. ரெண்டாம் வருசம் எட்டு. அஞ்சு தாடை குட்டை. அஞ்சையும் நாந்தான் பொதைச்சேன். கூட்டம் பத்தொம்பதுக்கு வந்துருச்சு. கீதா குட்டிங்க ரத்தத்தையும், கடா முள்ளுல உட்டுட்டுப் போன மசுரையும் மறுபடியும் ஐதராபாத்துக்கு அனுப்புச்சு.

தொண்ணூத்தெட்டு சனவரியில கீதா வந்தப்ப மொகம் செத்துப்போயிருந்துச்சு. வேப்பமரத்தடியில உக்காந்துட்டு ஒரு லெட்டரை எடுத்துக் காட்டுச்சு.

“என்ற தப்புங்கண்ணா. இங்க உட்ட கடாவோட மசுரு, நான் நாலாம் நம்பர்னு எழுதி வெச்ச ரத்தத்தோட அப்படியே ஒத்துப் போகுது. நாலாம் நம்பரு இந்தக் கூட்டத்துக்கே நெருங்குன சொந்தம். அன்னிக்கு ரத்தம் எடுக்கறப்ப டப்பாவுல நாலையும் ஏழையும் மாத்தி எழுதிப்போட்டேன். தப்பான கடாயைக் கேட்டு ஆர்டர் வாங்கி, தப்பான கடாயைக் கொண்டாந்து உட்டு, ரெண்டு வருசத்தையும் பாழாக்கிட்டேன். எழுதிக் குடுத்துட்டு ஆராய்ச்சியை உட்டுப் போயர்றேனுங்க.”

“எழுதிக் குடுத்தா என்ன ஆகும் அம்மணி?”

“என்ற கணக்கே தப்புன்னு ஆயிரும். இன்னொரு கடா தர மாட்டாங்க. காடு காத்தாடிக்காரங்களுக்குப் போயிரும்.”

நிரந்தரம் பண்ற லிஸ்ட்டு அந்த மாசந்தான் வரோணும். அந்தப் புள்ளை அழுவுது, நான் ஒண்ணும் பேசாம செருப்பைப் பார்த்துட்டு நிக்கறேன். என்னைய மாதிரி ஒரு ஈனப்பய இருப்பானா?

அது கண்ணைத் தொடச்சுட்டு, பூங்காப் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருந்ததைப் பிரிச்சுச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முந்தி கடைசியா ஒருக்கா பார்த்துப்போடறேன்னு சொல்லிட்டு, வெரலை வெச்சுப் படிச்சுட்டே போச்சு.

“நாலாம் நம்பர். ஆண் குட்டி. வந்த தேதி, ஆகஸ்ட் தொண்ணூறு. வந்த எடம், கல்லாங்கரடு. ஒப்படைத்தவர், வாட்சர் சாமுவேல்.” நிமிந்து பார்த்துச்சு. “அண்ணா, உங்க பேருங்க.”

அந்தத் தாளை வாங்கி நானே ஒருக்கா படிச்சேன்.

தொண்ணூறுல ஒரு பெட்டை ரோட்டுல லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு. பக்கத்துல குட்டி நின்னுட்டு இருந்துச்சு. துண்டுல சுத்தி, காட்டோரமா இருக்கற என்ற ஊட்டுக்குத் தூக்கியாந்தேன். என்ற சம்சாரம் மயிலாத்தா ஆட்டுப்பாலைப் பாட்டல்ல ஊத்தி நாலு மாசம் வளர்த்துனா. கொம்பு இல்லாம இருந்ததால மொட்டையான்னு பேரு வெச்சா. ஊட்டுக்குப் பொறவால பொடக்காலியில அவ பாத்திரம் கழுவுனா முந்தானையைச் சப்பிட்டே நிக்கும். மானை ஊட்டுல வெக்கக் கூடாது, சட்டம்னு ரேஞ்சர் சொன்னப்ப நாந்தான் கொண்டுபோய் ஒப்படைச்சேன். அவ ஒரு வாரம் என்றகூடப் பேசல. தவுட்டு நெறத்துக் குட்டி ஆறு வருசங்கழிச்சுக் கரேல்னு கொம்போட நின்னு கையை நக்குனா, அது எவன் குட்டின்னு எனக்கு எப்படித் தெரியும்?

தெரிஞ்சிருக்கோணும். சுழியைப் பார்த்த கண்ணு அதைப் பார்க்கல.

“டப்பாவுல நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க அம்மணி”ன்னு சொன்னேன். “பட்டையைத்தான் நான் மாத்திப்போட்டேன்.”

சுழி, அண்ணன், ஆறுச்சாமி எல்லாத்தையும் சொன்னேன். அது என்னையத் திட்டும்னு நெனச்சேன், அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன். அது ஜெராக்ஸை மடிச்சு வெச்சுது. அப்பறம் கேட்டுச்சு. “அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மசுரை நான் கத்தரிச்சே உட்டிருப்பனேண்ணா?”



ஆனா அந்தப் புள்ளைக்கு மூளை வேலை செஞ்சுட்டேதான் இருந்துச்சு. ஆர்டரை எடுத்து மறுபடியும் படிச்சுது. “ஏழாம் நம்பர் கடாயை ஒரு தடவை உடலாம்னு இருக்குது. ஏழாம் நம்பரு இன்னும் வரவே இல்லியேங்கண்ணா. ஆர்டரு அப்படியே உசுரோட இருக்குது. நம்பரை மாத்துனது இன்னாருன்னு எழுத்துல வந்தாப் போதும்.” அப்பறம் கொரலை எறக்கி, “உங்க வேலை போயிரும்”ன்னுச்சு.

மறுநாளே ரேஞ்சர் ஆபீசுல எழுதிக் குடுத்தேன். “எதுக்குய்யா மாத்துனே?”ன்னு கேட்டாரு. சுழிங்க சார்னேன். அவரு வெளியூர்க்காரரு, மூணு தடவை வெளக்கியும் புரியல. கடைசியில ‘மூடநம்பிக்கையின் காரணமாக’ன்னு அவரே எழுதுனாரு. அதுக்குக் கீழயே கையெழுத்துப் போட்டேன். லிஸ்ட்டுல என்ற பேரை என்ற கண்ணு முன்னாலயே அடிச்சாரு. இந்தக் கடாயைப் புடிச்சுக் குடுத்ததோட கூலிவேலையும் முடிஞ்சுதுன்னாரு. மாரப்பனை நான் இழுக்கல, அவன் புள்ளைகுட்டிக்காரன்.

ஏழாம் நம்பருக்கு இப்ப ஒம்பது வயசு. பெட்டைங்களைச் சேர்த்துக்க ஒரு பருவம் கெடைக்கலாம், கெடைக்காமயும் போகலாம்னு கீதா சொல்லுச்சு. அதுவும் இப்ப இருக்கற கடாயை எடுத்தாத்தான். இல்லைன்னா இது அதைக் குத்திக் கொன்னுபோடும். ஊசி போட்டுப் புடிக்கலாம்னா, போன வருசம் வேற எடத்துல ஊசி போட்ட கடா ஓடி ஓடியே நெஞ்சு வெடிச்சுச் செத்திருக்குது. வலை போட்டா கூட்டமே வாய்க்காக்குள்ள பாஞ்சுரும். நான் பேரைச் சொல்லிக் கூப்புட்டுப் பார்த்தேன். காதை ஆட்டுச்சு, வரல. அது பழகுனது என்ற கொரலுக்கு இல்லைங்க.

அதனால ஊட்டுக்குப் போயி மயிலாத்தாகிட்டச் சொன்னேன். மாத்துனதைச் சொன்னேன், வேலை போனதைச் சொன்னேன். நீ வந்து கூப்புடோணும்னு சொன்னேன். எந்தக் கடான்னு மட்டும் வாயில வரல. அவ அடுப்பைப் பார்த்துட்டே, “வேலை போனாப் போகுது. எதைக் கூப்புடோணும்?”னு கேட்டா. “வந்து பாரு”ன்னேன்.

காலையில ஏழு மணிக்குப் போனோம். கூண்டு வண்டியைப் பொதருக்குள்ள மறைச்சு நிறுத்தி, ரெண்டு பக்கமும் கதவைத் தெறந்து வெச்சிருந்தாங்க. ஒரு பக்கமா அவ உள்ள நடந்து மறுபக்கமா வெளிய வந்துரோணும், அது பின்னாலயே நொழைஞ்சா நான் கதவை எறக்கோணும். கடா நடுக்காட்டுல தனியா நின்னுட்டு இருந்துச்சு. “மொட்டையான்னு கூப்புடு”ன்னு அவ காதுல சொன்னேன்.

அவ என்னைய ஒரு பார்வை பார்த்தா. அப்பறம் திரும்பி, “மொட்டையா”ன்னா. மறுபடியும் கூப்புட்டா. கடா தலையைத் தூக்குச்சு. ரெண்டு எட்டு வெச்சுது, நின்னுச்சு, அப்பறம் நேரா ஓடியாந்துச்சு. ஒண்ணரை முழக் கொம்பைச் சாச்சு வெச்சுட்டு அவ முந்தானையை வாயில புடிச்சுக்குச்சு. அவ அப்படியே கூண்டுக்குள்ள நடந்தா, அது சப்பிட்டே பின்னால போச்சு. அவ முந்தானையை உருவிட்டு அந்தப் பக்கம் எறங்குனா. நான் ரெண்டு கதவையும் எறக்கிப்போட்டேன். உதைக்கும், முட்டும்னு எல்லாரும் தள்ளி நின்னாங்க. அது சும்மா நின்னுட்டு அவ போன பக்கமே பார்த்துட்டு இருந்துச்சு.

வண்டி ரோடு ஏறுற வரைக்கும் மயிலாத்தா அதைப் பார்த்துட்டே நின்னா. அப்பறம் ஈரமான முந்தானையைக் கையில புடிச்சுட்டே கேட்டா.

“ரெண்டு வருசமா இங்கயேதான் இருந்துச்சா?”

“ஆமா”ன்னேன்.

“நம்மூட்டுல இருந்து கூப்புட்டாக் கேக்கற தூரந்தானே”ன்னா.